இன்னொரு தடவை கேளுங்கள்

அன்பு அம்மாவுக்குக் கயல்விழி வணக்கத்துடன் எழுதுவது. அப்பாவின் இருமல் நின்றதா? கருமத்தம்பட்டியில் மழை உண்டா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை.

இத்தாலிக்காரர்கள் 'ப்ரேகோ' என்ற ஒரே சொல்லில் பாதி நாளை ஓட்டிவிடுகிறார்கள். நன்றி சொன்னால் ப்ரேகோ. கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்பதும் ப்ரேகோதான்.

ஞாயிறன்று மில்லில் என்னோடு வேலை செய்யும் கியாராவின் குடையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவள் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலியை இழுத்துப்போட்டு "ப்ரேகோ" என்றாள். நம் வழக்கப்படி, இப்போதுதான் சாப்பிட்டு வந்தேன் என்றேன். நீங்களாக இருந்தால், "அதெப்படிங்க, ஒரு வாய் சாப்புட்டுத்தான் போகோணும்" என்று கையைப் பிடித்து உட்காரவைத்திருப்பீர்கள். அவளோ சரியென்று கதவைத் திறந்து, இன்னொரு ப்ரேகோ சொல்லி அனுப்பிவிட்டாள்! பசியோடு சிரித்துக்கொண்டே அறைக்கு வந்தேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் பருப்புப்பொடி கொடுத்துவிடுங்கள்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போனில் நீங்கள் கேட்டதும் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வேன். அதோடு விட்டுவிடாதீர்கள் அம்மா, இன்னொரு தடவை கேளுங்கள்.

உங்கள் மகள்,
கயல்விழி