கைப்பிடி அரிசி

கனம்பொருந்திய சபைச் செயலாளர் அத்தானுக்கு,

தீப்பெட்டி ஆலையில் கை வெந்து கிடக்கும் பக்கத்து வீட்டுக் காளீஸ்வரிக்கு, சமைக்கும்போது கர்த்தருக்கென்று பெண்கள் எடுத்துவைத்துச் சபையில் சேர்த்த கைப்பிடி அரிசியில் கொஞ்சம் கேட்டேன். "ஏட்டி, அவ நம்ம சபையா? ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கவா வச்சிருக்கு?" என்றீர்கள். கமிட்டியும் ஆமென் போட்டதாம்.

போன வருடம் ஆபரேஷன் முடிந்து நான் படுத்திருந்த மூன்று மாதமும் நம் அடுப்பில் உலை வைத்தது அவள்தான். "யக்கா, ஒங்க சாமிக்கு ஒரு பிடி தகரத்துல போட்டுட்டேன்" என்று தினமும் சொல்வாள். அந்தத் தகர டப்பா நிறைந்ததற்குத்தான் அறுப்பின் பண்டிகையில் பரிசு வாங்கி இளித்துக்கொண்டு நின்றீர்கள். அவள் கை அள்ளிய அரிசி அன்றைக்கு உங்களுக்குக் கசக்கவில்லை.

ஞாயிறு காலையில் ஆலயத்துக்குக் கொண்டுபோகத் தகரத்தைத் தூக்கியதும், கனமில்லையே என்று திறந்திருப்பீர்கள். உள்ளே இந்தக் கடிதம் மட்டும்தான். அரிசி காளீஸ்வரி வீட்டு உலையில் கொதிக்கிறது. நானும் அங்கேதான் இருக்கிறேன். வெந்த கையோடு அவளால் சோறு வடிக்க முடியாது.

உங்கள் மதியச் சோற்றைக் கமிட்டியில் கேளுங்கள். நீங்கள்தான் சபையார் ஆயிற்றே.

பக்கத்து வீட்டிலிருந்து,
உங்கள் மனைவி