வாம்பட்டுக்கு இரவல் தொண்டை

பிப்ரவரி 12, திங்கள்

‘இடி அங்கிள்’ இரண்டாம் பாகம் இன்று என் மேசைக்கு வந்து சேர்ந்தது. முதல் பாகத்தைப் பார்த்து எந்தக் குழந்தைக்கும் காய்ச்சல் வரவில்லை என்பதால் இரண்டாவதை எடுத்திருக்கிறார்கள். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒரு தொப்பைக்காரர். டோஸ்டரில் ஷாக் அடித்ததிலிருந்து அவர் கையைத் தட்டினால் இடி இடிக்கிறது. போன தடவை உலகத்தைக் காப்பாற்றினார். இந்தத் தடவை உலகத்தையும் மாமியாரையும் காப்பாற்றுகிறார். முன்னேற்றம்தான்.

வசனங்களை வெட்டி ஒட்டுவது என் வேலை. ஒரே வசனத்தைப் பல தடவை பேசியதில் எந்த டேக் நல்ல டேக், யாருடைய மூச்சை எங்கே நறுக்க வேண்டும் என்று பார்ப்பது. இருபத்தாறு வருடங்களாக இதே கோல்ட் கோஸ்ட், இதே ஜன்னலில்லாத அறை. வெளியே கடல் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

தயாரிப்பாளர் க்வெண்டா சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறாள். குடும்பப் படம், ஆகவே யாரும் சாகக் கூடாது. கீழே விழுகிறவர்கள் பந்து மாதிரி எழும்ப வேண்டும். வில்லன் சிறைக்குப் போகலாம், சிரித்துக்கொண்டே போக வேண்டும். ‘உன்னை ஒழித்துக் கட்டுகிறேன்’ என்றிருந்த வசனம் போன வாரம் ‘உன்னைச் சும்மா விட மாட்டேன்’ ஆனது. இன்று ‘உனக்குப் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது’ ஆகியிருக்கிறது. எனக்குத்தான் அது முன்பே கிடைத்துவிட்டதே.

பிப்ரவரி 13

மாமியார் காட்சியை இரண்டு முறை பார்த்தேன். இரண்டாவது முறை பார்த்தது என் தப்பு.

பிப்ரவரி 21, புதன்

வில்லனுக்கு ஒரு காரியதரிசி. அது ஒரு வாம்பட், இந்த ஆஸ்திரேலியாவில் மண்ணைத் தோண்டி வளையில் கிடக்கும் பிராணி. பெயர் மெர்வின். குட்டைக் கால், பெருத்த பின்புறம், கழுத்தில் டை. முழுக்கக் கணினியில் வரைகிறார்கள். குரல் கொடுக்கப்போகிறவர் அமெரிக்காவின் பெரிய நட்சத்திரம் பிராண்ட் ஹாலிஸ்டர். அவர் மே மாதம்தான் வருவார். அதுவரை வரைகிறவர்கள் வாயசைவுக்கு என்ன செய்வார்கள்? ஆபீசில் யாரையாவது பிடித்துப் பேசவைத்து, அந்த டிராக் குரலுக்கு வாயை வரைவார்கள். நட்சத்திரம் வந்ததும் டிராக் குரலைத் துடைத்துவிட்டு அவர் குரலைப் போடுவார்கள். வழக்கமாக இதற்கு வண்டி டிப்பார்ட்மெண்ட் ஃபெர்கஸ்தான். இன்று டைரக்டர் டாம்சின் என் அறை வாசலில் வந்து நின்றாள். முப்பத்துநாலு வயது, முகத்தில் இன்னும் நம்பிக்கை இருக்கிறது.

“ரோலி, ஒரு அரை மணி நேரம். வாம்பட்டுக்கு யாராவது பேசணும்.”

“ஃபெர்கஸ் எங்கே?”

“பல்லைப் பிடுங்கியிருக்கான். வாயைத் திறந்தா காத்துதான் வருது.”

“இந்த வசனத்துக்கு அது போதுமே.”

“ரோலி, உங்க கால்ல விழறேன்.”

போய்ப் பேசினேன். நடிக்கவெல்லாம் இல்லை. செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி ஒவ்வொரு வசனத்தையும் தூக்கிக் கீழே போட்டேன். ‘எஜமானரே, உலகத்தை அழிப்பது இருக்கட்டும், உங்கள் சூப் ஆறுகிறது.’ ஐம்பத்தேழு வயது மனிதன் இதைச் சொன்னேன். முடித்துவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தால் டாம்சின் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 8

மெர்வின் உயிரோடு வந்துவிட்டது. அன்று பேசும்போது அடுத்த வசனத்தைப் படித்துவிட்டு அவ்வப்போது நான் பெருமூச்சு விட்டிருக்கிறேன், அதையும் வசனம் என்று நினைத்து வரைந்துவிட்டார்கள் மடையர்கள். வாம்பட் ஃபைலைப் புரட்டுகிறது, வில்லனைப் பார்க்கிறது, என் பெருமூச்சை விடுகிறது. வரைகிறவர்கள் கூடிநின்று ஆறு தடவை போட்டுப் பார்த்தார்கள். கேன்டீனில் சாப்பாடு வாங்கப் போனால், பரிமாறுகிற பெண் ‘சார், உங்கள் சூப் ஆறுகிறது’ என்கிறாள்.

ராத்திரிச் சாப்பாட்டில் மனைவி லொரெட்டாவிடம் சொன்னேன்.

“ஒரு வாம்பட்டுக்குப் பேசினதை இதோட மூணு தடவை சொல்லிட்ட,” என்றாள்.

“ரெண்டு தடவை.”

“கார்லேர்ந்து இறங்கும்போதே ஒரு தடவை சொன்னே, ரோலி.”

மார்ச் 23, சனி

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதிவைக்கிறேன். முப்பத்தோரு வயதில் பிரிஸ்பேனில் ஒரு நாடகத்தில் சமையல்காரன் வேஷம். மூன்றாவது அங்கத்தில் வசனம் மறந்து நாற்பது விநாடி நின்றேன். நாற்பது விநாடி எவ்வளவு நீளம் என்று மேடையில் நின்றவனுக்குத்தான் தெரியும். மறுநாள் பத்திரிகையில் ஒருவர் எழுதினார்: ‘சமையல்காரரும் மேசை நாற்காலிகளும் ஒரே தரம், ஆனால் மேசை நாற்காலிகளுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.’ நன்றாகத்தான் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு நான் மேடை ஏறவில்லை. அடுத்தவர்கள் குரலை நறுக்க வந்துவிட்டேன்.

ஏப்ரல் 15

டாம்சின் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். “நான் க்வெண்டாகிட்ட பேசப் போறேன். மெர்வினுக்கு உங்க குரலையே வெச்சுக்கலாம்னு.”

டிராக் குரல் மேல் காதல் வந்துவிடுவது இந்தத் தொழிலின் பழைய வியாதி. ஒரே குரலை இருநூறு தடவை கேட்டால், அடுத்து வருகிற எதுவும் பொய்யாகத்தான் கேட்கும். இது தெரியாத கத்துக்குட்டிதான் இதில் விழும். அவளிடம் அப்படியே சொன்னேன்.

“சரி, எனக்கு வியாதி. உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?”

“எனக்கென்ன? எது வேணா பண்ணிக்கோங்க.”

எனக்கென்னவா? பொய். வேணும். எழுதிட்டேன். இந்தக் குப்பைப் படத்துல, டை கட்டின ஒரு வாம்பட்டோட வாயில, என் குரல் இருக்கணும்னு எனக்கு வேணும். கொஞ்ச நாளா வேற எதையும் நினைக்க முடியலை. போதுமா?

ஏப்ரல் 18

க்வெண்டாவின் பதில், டாம்சின் வாயால்: “போஸ்டர்ல ரோலண்ட் டக்வெல்னு பேர் போட்டா யார் வருவாங்க? அவர் வீட்டம்மாவே வர மாட்டாங்க.”

லொரெட்டாவிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, “டிக்கெட் கிடைச்சாப் போவேன்,” என்றாள்.

மே 7, செவ்வாய்

ஹாலிஸ்டர் வந்தார். கூட ஏழு பேர் வருவார்கள், ஒருவன் குடை பிடிப்பான், ஒருவன் திராட்சைக்குத் தோல் உரிப்பான் என்று எதிர்பார்த்து, இரண்டு வாரமாக என் வெறுப்பைத் தீட்டிவைத்திருந்தேன். ஒரு ஃபிளாஸ்க்கில் வெந்நீரோடு தனியாக வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு மைக் முன்னால் நின்றார். வரைந்த வாயை இனி மாற்ற முடியாது. ஆகவே என் குரலை அவர் காதில் போடுவது, நான் நிறுத்திய இடத்தில் அவர் நிறுத்துவது, நான் இழுத்த இடத்தில் இழுப்பது. பட்டனை அழுத்துகிறவன் நான்.

பத்து வசனம் முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினார். “யாரு இந்த ஆளு?”

டாம்சின் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள். “இங்கதான்... ஆபீஸ்ல ஒருத்தர்.”

“நான் நாப்பது வருஷமா நடிக்கிறேன். இந்த வெறுப்பு எனக்கு வரமாட்டேங்குது. எங்கேர்ந்து புடிச்சான்?”

நான் மைக் பட்டனை அழுத்திச் சொன்னேன்: “அவருக்கு இந்தப் படத்தைப் பிடிக்காது.”

“பாஸ், இந்தப் படத்தை யாருக்குமே பிடிக்காது,” என்று சிரித்தார். “அது இல்ல. இந்த ஆளு எதுக்கோ ரொம்ப ஆசைப்பட்டிருக்கான். இன்னொரு தடவை போடுங்க.”

போட்டேன். முதலில் தப்பான பட்டனை அழுத்திவிட்டேன். அறையில் வெளிச்சம் கம்மி.

மே 9

ஒவ்வொரு வசனத்தையும் நாற்பது தடவை பேசிவிட்டுப் போயிருக்கிறார். சூப் வசனத்தின் பதினோராவது டேக் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. கொஞ்சம் இல்லை, நிறைய. நான் வெறுப்பை மட்டும் பேசியிருந்தேன். அவர் அந்த வெறுப்புக்குக் கீழே ஒரு பயத்தை வைத்திருக்கிறார்: சூப் உண்மையிலேயே ஆறிவிட்டால் வாம்பட்டின் கதி என்ன என்று.

நான் நாலாவது டேக்கை எடுத்துப் போட்டேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசிய டேக். பதினொன்றை யாரும் திறக்காத ஒரு ஃபோல்டரில் போட்டு மூடினேன்.

மே 23

அறுபத்துமூன்று வசனங்களும் முடிந்தன. எல்லாவற்றிலும் சுமாரான டேக். மோசமானதைப் போட்டால் டாம்சின் கண்டுபிடித்துவிடுவாள்; சுமாரானதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். படம் வெளிவருமுன் ஜனங்களுக்குப் போட்டுக் காட்டும் முன்னோட்டக் காட்சியில் மெர்வின் எடுபடாது. உடனே என் குரலைத் தேடி வருவார்கள். டாம்சின் என் காதை நம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டாள். இத்தனை வருடத்தில் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், காதை விற்றவன் என்று சொல்ல முடியாது. இப்போது சொல்லலாம்.

ஜூன் 1, சனி

சவுத்போர்ட்டில் காலைக் காட்சி. இருநூறு குழந்தைகள், பெற்றோர், தரையெல்லாம் பாப்கார்ன். படம் முடிந்ததும் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன என்று அட்டையில் எழுதி வாங்குவார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து மெர்வினுக்காகக் காத்திருந்தேன்.

சிரித்தார்கள். சூப் வசனத்துக்கு அரங்கமே சிரித்தது. தொண்டை கமறுகிற அந்த நாலாவது டேக்குக்கு! எனக்கு முன்னால் ஒரு தகப்பன் சிரித்து இருமி, தண்ணீர் குடித்தான். ஒவ்வொரு சுமாருக்கும் அதே சிரிப்பு.

அட்டைகளில் நூற்று நாற்பது பேருக்கு மேல் ‘பிடித்தது: வாம்பட்’ என்று எழுதியிருந்தார்கள்.

“பிராண்ட்டைக் கூட்டிட்டு வந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு பாத்தீங்களா?” என்றாள் க்வெண்டா. டாம்சின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்க காதுதான் ரோலி. வேற யார் உக்காந்திருந்தாலும் இப்படி வந்திருக்காது.”

கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன்.

ஜூன் 2

அவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. நல்ல டேக், கெட்ட டேக், நான், அவர், ஃபெர்கஸ் பொக்கை வாயால் பேசியிருந்தாலும் சிரித்திருப்பார்கள். வாம்பட் டை கட்டியிருந்தது, அது போதும். அப்படியானால் நான் யாரை ஏமாற்றினேன்? இத்தனை நாள் அவர்கள் ரசனையைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் சிரிக்க வந்தார்கள், சிரித்தார்கள், போய்விட்டார்கள். இரண்டு வாரம் உட்கார்ந்து மட்டமான வேலை செய்தவன் நான் ஒருவன்தான்.

லொரெட்டா தோட்டத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

“அந்த மனுஷன் உனக்கு என்ன பண்ணினான்?”

“ஒண்ணும் பண்ணலை.”

“திட்டினானா?”

“இல்லை.”

“அப்புறம் என்னதான் பண்ணினான்?”

“நல்லாப் பேசினான்.”

அவள் ஈரப் போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 3

ஃபோல்டரைத் திறந்தேன். பதினொன்று.

ஜூன் 12, புதன்

அறுபத்துமூன்றையும் மாற்றிவிட்டேன். நல்ல டேக்கோடு நிற்கவில்லை. ஒன்பதாவது டேக்கின் தொடக்கம், முப்பதாவதின் கடைசிச் சொல், இரண்டையும் தைத்த இடம் எனக்கே தெரியாதபடி. யாரும் கேட்கவில்லை. அட்டைகளைப் பார்த்த பிறகு எதையும் தொடாதே என்றுதான் க்வெண்டா சொல்லியிருந்தாள். அந்தப் பெருமூச்சுகளை ஹாலிஸ்டர் குரலில் பதிவுசெய்ய எல்லோரும் மறந்துவிட்டோம், அவரும் ஊருக்குப் போய்விட்டார். ஆகவே பதினாலு பெருமூச்சுகள் என்னுடையவை. எடுத்தால் வாம்பட் வாயைத் திறந்துகொண்டு சும்மா நிற்கும். விட்டுவிட்டேன். அவருடைய மூச்சோடு பொருந்தும்படி இழைத்துவைத்தேன்.

டாம்சின் கடைசியாக ஒரு தடவை முழுப் படமும் கேட்டாள். “என்னவோ... நல்லா இருக்கு. எதையாவது மாத்தினீங்களா?”

“இல்லை.”

நாலாவது டேக்கைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு நேர்மைக்கு இன்னும் வரவில்லை.

செப்டம்பர் 21, சனி

பள்ளி விடுமுறை. லொரெட்டா டிக்கெட் எடுத்துவிட்டாள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். படம் அதே குப்பைதான். மாமியார் நாலு தடவை எழும்பிக் குதிக்கிறாள். இடி அங்கிள் இடி இடித்தபோது பக்கத்து வரிசைக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் ரசனையை மதிக்கிறேன்.

சூப் வசனத்துக்கு எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த காட்சியில் வாம்பட் ஃபைலைப் புரட்டிப் பெருமூச்சு விட்டது. யாரும் சிரிக்கவில்லை. லொரெட்டா மட்டும் என் முழங்கையில் இடித்தாள்.

“இது நீதானே?”

“சும்மா படத்தைப் பாரு.”

“நான்தான் இதைத் தினமும் கேக்கறேனே,” என்றாள்.

பெயர்ப் பட்டியல் ஓடியபோது என் பெயர் வசனத் தொகுப்பில், எப்போதும் இருக்கும் இடத்தில் இருந்தது. குரல்களில் இல்லை. பட்டியல் அவ்வளவு கீழே போகும்வரை உட்கார்ந்திருந்தது நாங்களும் பெருக்க வந்த பெண்ணும்தான்.

பிப்ரவரி 3, திங்கள்

டாம்சின் போன் செய்தாள். மூன்றாம் பாகம். இந்தத் தடவை இடி அங்கிளுக்கு இரட்டைக் குழந்தைகள். மெர்வினுக்கு நிறைய காட்சிகள், ஒரு பாட்டுகூட இருக்கிறதாம். ஹாலிஸ்டர் அக்டோபரில்தான் வருவார், அதுவரை டிராக் குரல் வேண்டும்.

“முன்னாடியே சொல்லிடறேன் ரோலி, இந்தத் தடவையும் உங்க குரலை எடுத்துடுவாங்க. பெருமூச்சு, தும்மல் எல்லாத்தையும் அவரே பேசிடுவார். ஒப்பந்தத்துலயே எழுதியாச்சு.”

இரண்டாம் பாகமே அதிகம், மூன்றாவது மனித குலத்துக்குச் செய்கிற அநியாயம், பாடுகிற வாம்பட்டை எந்த நாகரிகச் சமூகமும் அனுமதிக்காது, எனக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கிறது என்று விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

“சரி, பரவாயில்லை. ஃபெர்கஸுக்கு இப்ப புதுப் பல்லு கட்டியாச்சு. அவனையே—”

“எத்தனை மணிக்கு வரணும்?” என்றேன்.