பூப்போட்ட டைல்தான்

குமுதா,

நேற்று டைல் கடையில் இருந்தவர்கள்: நீ, நான், உன் அண்ணன் கோகிலன், கடைக்காரர். வாயைத் திறக்காதவன் நான் மட்டும்தான். சமையலறைத் தரைக்கு நீ பூப்போட்ட டைலைக் கேட்டாய். உன் அண்ணன் பளபளக்கும் வெள்ளைதான் வேண்டும் என்றார். "நைட் ஷிஃப்ட்ட விட்டுட்டு வீட்ல குந்தியிருக்கிறவருக்கு என்ன தெரியும் லா?" என்று கடைக்காரரிடம் என்னைக் காட்டிச் சிரித்தார். நீ என்னைப் பார்த்தாய். நான் சும்மா நின்றேன். அது தப்புதான்.

இன்று நீ வேலைக்குப் போனதும் கடையில் கொடுத்த இரண்டு மாதிரி டைலையும் கீழே வைத்து, எண்ணெய் ஊற்றி, வெறுங்காலோடு நின்று பார்த்தேன். வெள்ளை வழுக்குகிறது. பூப்போட்டது காலைப் பிடிக்கிறது. கொதிக்கும் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பவள் நீ. கடைக்குப் போன் செய்து பூப்போட்டதையே சொல்லிவிட்டேன். நாளை காலை ஒன்பது மணிக்கு ஆள் வருவார்.

மீன் கறி அடுப்பில் இருக்கிறது. சுட வைத்துக்கொள். நான் ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் பகல் வேலை கேட்கப் போகிறேன்.

பின்குறிப்பு: இதை எழுதும்போதே உன் அண்ணன் வந்துவிட்டார்.

"மாப்ள, வெள்ளையத்தான் போடணும், சொல்லிட்டேன்."

"சமைக்கிறது அவ, மச்சான். அவ சொன்னதுதான்."

கோப்பி கொடுத்தேன். குடிக்காமல் எழுந்துவிட்டார். அவர் வெளியே போனதும் கதவைச் சாத்திப் பூட்டினேன்.