சரோனின் என்ஜின் நின்றுபோனதைக் கேட்டு

தெஹியோவிட்ட,
வியாழக்கிழமை

அன்பு மகள் சரோனுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், நீயும் அங்கே சுகம்தானே என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போன் அடித்து அடித்து நின்றுவிடுகிறது, மெசேஜையும் நீ பார்க்கவில்லை. அங்கிருந்து லீவில் வந்திருக்கும் உன் சிநேகிதி பஸீஹா முந்தாநாள் வீட்டுக்கு வந்து, உன் கம்பெனியில் டீசல் என்ஜின் வேலையை நிறுத்திவிட்டார்கள், இனி எல்லாம் பெட்டரியில் ஓடும் வண்டிதானாம் என்றாள். “மூணு வருஷமா செஞ்ச என்ஜின் கம்ப்யூட்டருக்குள்ளயே நின்டு போச்சு ஆன்ட்டி, அவ ரூம விட்டு வாறாளில்ல, நான் எதுக்கு இருக்கணும்னு கேக்குறா” என்று அழுதாள். நேற்று ரப்பர் பால் வெட்டப் போய், கத்தியைக் கீழே வைத்துவிட்டு மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

போன வாரம் ரோட்டில் மண் சரிந்து ஆம்புலன்ஸ் வர வழியில்லாமல், பக்கத்து லயத்து வீட்டுப் புஷ்பத்தைப் பிரசவத்துக்கு அப்பா ஓட்டும் தோட்டத்து லொறியில்தான் கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஏற்றத்தில் கறுப்புப் புகை சுற்றி எங்கள் மேலேயே விழுந்தது, அவள் வலியோடு மூச்சுத் திணறி, “அக்கா, இந்தப் புகைய நிப்பாட்டச் சொல்லுங்க” என்று கதறினாள். ஈரத் துவாயால் அவள் முகத்தை மூடிக்கொண்டு உன்னைத்தான் நினைத்தேன். இரும்பில் வார்ப்பதற்கு முன்பே கம்ப்யூட்டரில் என்ஜினை ஓட்டி, டீசல் எங்கே சரியாக எரியாமல் கரியாகிறது என்று பார்த்து மாற்றலாம் என்று வீடியோவில் காட்டினாயே, அதை என் மகள் சீக்கிரம் முடிக்கட்டும் என்று லொறியிலேயே ஜெபித்தேன். அப்போதே உன் வேலை நின்றிருந்ததாம், எனக்குத் தெரியாது. புஷ்பமும் பிள்ளையும் சுகம்.

நீ செய்தது வீணா இல்லையா என்று வாதாட எனக்கு அறிவு போதாது மகள். வீணாகவே இருக்கட்டும். அந்த என்ஜினை நான் கண்ணால் கண்டதில்லை, உன்னைத்தான் பெற்றேன். கொழும்பைத் தாண்டாத உன் அப்பா இன்று விடியவே பாஸ்போர்ட் எடுக்கப் போய்விட்டார், விசா கிடைக்குமா என்று கேட்டால், “நான் போய்த்தான் புள்ளயக் கூட்டிட்டு வரணும்” என்கிறார்.

இந்தக் கடிதத்தோடு பஸீஹா கொண்டுவரும் சம்பலைத் தொட்டு ஒரு வாய் சோறு சாப்பிடு. தனியே இருக்காதே, அவளோடு போய்த் தங்கு, டாக்டரிடம் போக வெட்கப்படாதே. கர்த்தர் உன் மூச்சைக் காக்கட்டும். பெரிதாக ஒன்றும் பேச வேண்டாம், “அம்மா” என்று மட்டும் சொல்லி அனுப்பு.

போனைக் கையைவிட்டு வைக்காமல் இருக்கும்,
உன் அம்மா மெட்டில்டா