மூன்று மாடி ஏறியவள்

செப்டம்பர் 9, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுச் சாந்தாமணியோடு கோவை ஆஸ்பத்திரி. எக்கோ எடுத்தார்கள். "வீட்டுக்காரர் மட்டும் உள்ள வாங்க" என்றாள் நர்ஸ்.

டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் வரைந்து காட்டினார். இதய வால்வு மூடும்போது பின்னால் புரண்டுவிடாமல் மெல்லிய தசைநாண்கள் இழுத்துப் பிடித்திருக்குமாம். அவளுக்கு இரண்டு அறுந்துவிட்டன. ரத்தம் வந்த வழியே திரும்புகிறது. மூச்சிரைப்பு அதனால்தான். தூசி அலர்ஜி இல்லை.

எட்டு மாதமாகத் தூசி, தூசி என்று சொன்னது நான். பனியன் கம்பெனியில் இருமினால் பஞ்சு, மூச்சு வாங்கினால் பஞ்சு. வேறெதுவும் எங்களுக்குத் தோன்றாது.

அவளிடம் வால்வு ரிப்பேர் என்று மட்டும் சொன்னேன். பஞ்சால் வந்தது என்றே நினைக்கிறாள்.

புதன், 10
அட்மிட். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். வாங்க: பிளாஸ்க், நைட்டி 2, சார்ஜர். ரத்தம் கொடுக்க ஆள், கம்பெனியில் கேட்க.

படி ஏறியதால் அறுந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதுங்க. கொஞ்சங்கொஞ்சமா நைஞ்சிருக்கும். ஆனா மூச்சு வாங்கறவங்கள எதுக்குப் படி ஏற விட்டீங்க?"

விட்டது நான். கீழே ஓவர்லாக் மிஷினில் தைத்துக்கொண்டிருந்தவளை, பஞ்சு பறக்காத இடம் என்று மூன்றாவது மாடியில் தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங்குக்கு மாற்றினேன். சூப்பர்வைசர் அல்லவா. மேனேஜரிடம் சண்டை போட்டு வாங்கிய இடம். லிஃப்டில் சரக்கு மட்டும் என்று எழுதி ஒட்டியதும் நானே. டீ, சாப்பாடு, பாத்ரூம் எல்லாம் கீழே. இரண்டாவது மாடியில் கம்பியைப் பிடித்து நின்றவளை, "ஆளுக பாக்கறாங்க, வா அம்மிணி" என்று விரட்டியிருக்கிறேன். பாவி நான்.

வியாழன், 11
வெயில். மூன்று தலையணை வைத்தால்தான் படுக்க முடிகிறது அவளுக்கு. பஞ்சு இல்லை, மேலே மாற்றியது என் தப்பு என்று சொல்லிவிட வேண்டும். காலையிலிருந்து வாய் வரவில்லை. கம்பெனியிலிருந்து போன், சைஸ் ஸ்டிக்கர் மாறிவிட்டதாம். எக்கேடோ கெடட்டும்.

பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் சொல்கிறாள்: "கீழயே இருந்திருந்தா அந்தப் பஞ்சு என்னைய எப்பவோ கொண்டுபோயிருக்குமுங்க. எங்கூட்டுக்காரருதான் மேல மாத்தி உட்டாரு."

பெருமையாகச் சொன்னாள். பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வராண்டாவில் அழுதேன்.

வெள்ளி, 12
ஆறரைக்கு ஸ்ட்ரெச்சர் வந்தது. கூடவே நடந்தேன். கதவு வரைக்கும் நேரம் இருந்தது, சொல்லியிருக்கலாம். அவள்தான் என் கையைப் பிடித்தாள்.

"ஏனுங்க, நான் நல்லாயி வந்தாலும் மேலயே போட்டு உடுங்க. கீழ வேண்டாங்க."

செரி அம்மிணி என்றேன்.