பாண்டுப் மெர்சிக்கும் எனக்கும்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து மழை. ட்ரெயின் லேட். ஆபீஸில் பாதிப் பேர் இல்லை. டிஎன்ஏ ரிசல்ட் வந்துவிட்டது. திருநெல்வேலிக்கு முன்னால் எங்கள் வம்சத்துக்கு எந்த ஊர் என்று பார்க்கத்தான் எச்சில் துப்பி அனுப்பினேன். அது கிடக்கட்டும். உறவுப் பட்டியலில் முதல் பெயர்: மெர்சி, இதே மும்பையில் பாண்டுப். "பாதிச் சகோதரி"யாம். அப்பா அம்மாவில் யாரோ ஒருவர் எங்கள் இருவருக்கும் பொது.

நான் ஒரே பிள்ளை. அம்மாவைச் சந்தேகப்பட வழியே இல்லை. அப்போ அப்பா? இந்த வயதிலும் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற அப்பா!

சாயங்காலம் டீ கொடுக்கும்போது கேட்டேன். "அப்பா, பாண்டுப் பக்கம் போயிருக்கீங்களா?"

"அங்க நமக்கு என்ன சோலி?"

ரொம்ப வேகமாகச் சொன்னார். டீயைக் குடிக்கவே இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

மெர்சிக்கு மெசேஜ் போட்டேன். உடனே பதில், ஹிந்தியில். தமிழ் பேசுவாளாம், படிக்க வராதாம். அம்மா பெயர் ரோசம்மா. அப்பா? "பைதா ஹோனே சே பெஹலே சோட் கயே." பிறக்கும் முன்பே விட்டுப் போய்விட்டாராம். வீட்டில் அவர் பெயரையே சொல்லக் கூடாதாம். அவரைத் தேடத்தான் டெஸ்ட். போட்டோ அனுப்பினாள். அப்பாவின் மூக்கு. அப்படியே.

இதையெல்லாம் பார்க்க அம்மா உயிரோடு இல்லை, நல்லவேளை என்று நினைத்தேன். நினைத்ததற்கு அழுதேன். அப்பாவுக்கு உப்புமா கிண்டினேன். அவருக்குப் பிடிக்காது, தெரியும். முழுவதும் சாப்பிட்டார்.

வாங்க வேண்டியது: உளுந்து, மிக்ஸி வாஷர், அப்பாவின் பிரஷர் மாத்திரை (வாங்கித்தானே ஆக வேண்டும்).

ஜூலை 10, வியாழன்

அரை நாள் லீவு. தாராவியில் எங்கள் சர்ச். அப்பா அம்மாவைக் கட்டியது எப்போது, இந்தக் கதைக்கு முன்னாலா பின்னாலா, பார்த்துவிடுவது என்று போனேன். பழைய கல்யாணப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார்கள். ஒரே பூஞ்சை. தும்மல்.

அப்பா அம்மா பெயர். அதற்குக் கீழே, அதே நாளில், இன்னொரு கல்யாணம். மாப்பிள்ளை தேவசகாயம், அம்மாவின் அண்ணன். சண்டை போட்டுப் போனவர் என்று மட்டும் தெரியும். பெண் ரோசம்மா. பெண்ணின் தகப்பன்: என் தாத்தா!

அப்பாவுக்குத் தங்கையா? கூடப் பிறந்தவர் யாருமில்லை என்றல்லவா வளர்த்தார்!

பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கிறார்கள். அப்படியானால் மெர்சிக்கும் எனக்கும் தாத்தா பாட்டி நாலு பேரும் ஒன்று. பாதிச் சகோதரி அளவுக்கு ரத்தம் ஒத்துப்போகத்தான் செய்யும். டெஸ்ட் எடுத்த கம்பெனிக்கு நம் சம்பந்தமெல்லாம் என்ன தெரியும்? மெர்சி என் அத்தை மகள், மாமன் மகளும் கூட. வழியெல்லாம் சிரிப்பாக வந்தது. அப்பாவுக்குப் பிடித்த மீன் வாங்கினேன்.

ஆனால் ஏன் மறைத்தார்?

ஜூலை 11, வெள்ளி

கேட்டே விட்டேன். அப்பா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

"ஒங்க மாமன் ரோசம்மாவ வெரட்டி விட்டுட்டான். நீயும் ஒம் பொண்டாட்டிய அனுப்பிரு, அப்பதான் அவனுக்கு உறைக்கும்னு எங்க அப்பா சொன்னாவ. நீ அப்ப வயித்துல. நான் அனுப்பல. 'எனக்கு அண்ணனே கெடையாது'ன்னுட்டுப் போயிட்டா."

"தேடலையா?"

"பாண்டுப்ல இருக்கான்னு தெரியும். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போக?"

அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அத்தையை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. அவளும் அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி. மெர்சிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அப்பா வந்து பார்க்கலாமா என்று அத்தையிடம் கேட்கச் சொன்னேன்.

ஜூலை 13, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. சர்ச் முடிந்து வந்தால் மெர்சி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். அத்தையின் குரல். இத்தனை வருஷ பம்பாய்க்குப் பிறகும் திருநெல்வேலி அப்படியே.

"அந்தப் பொண்டாட்டிதாசன் இன்னும் இருக்காவளா? எம் பக்கம் நிக்காத மனுசனுக்கு எம் வீட்டுல சோறு கெடையாது. சாப்பாட்டு நேரத்துக்கு வந்துறப்பிடாது, சொல்லிட்டேன்."

அப்பா திரும்பப் போடச் சொன்னார். மறுபடியும். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நாலு மணிக்குப் போவோம்" என்றார்.