ஐம்பது விமானம் போட்ட டீ-சர்ட்

ஏனுங்க,

நல்லா இருக்கீங்களா? போன்ல பேச வாய் வரலீங்க. அதான் எழுதி, பருப்புப்பொடி பார்சலுக்குள்ள வெச்சிருக்கேன்.

உங்க விமானக் கம்பெனி ஸ்டாஃபுக்கு டீ-சர்ட் தைக்கற ஆர்டர் எங்க நல்லூர் யூனிட்டுக்கே வந்துருச்சு. முதுகுல 'அஞ்சு வருசத்துல அம்பது விமானம்'னு பிரிண்ட். நல்லாத்தான் விழுந்திருக்கு. இருக்கிற மூணுல ஒண்ணுலருந்து சாமான் கழட்டித்தான் மத்த ரெண்டும் பறக்குது, அம்பது எங்கிருந்து வரும்னு போன மீட்டிங்குல எந்திரிச்சுக் கேட்டீங்களாமே. அந்த நெனப்போடவே நாள் பூரா மடிச்சு மடிச்சுக் கவர்ல போட்டேன்.

நெஞ்சுல அவங்கவங்க பேரு எம்பிராய்டரி. செக்கிங் நான்தான். உங்க மெக்கானிக்குகளோடது எல்லாம் ஒரே பெட்டியில. உங்க ரூம்ல இருக்கிற மகுடேஸ்வரன் அண்ணன் பேரு முதல்லயே வந்துச்சு. பெட்டியைக் கொட்டி மூணு தடவை பார்த்தேன். பீஸ் எல்லாம் சரியா இருக்கு, டேப் ஒட்டுன்னாரு சூப்பர்வைசர். ஒட்டிட்டேன்.

எப்பவும் சைஸுக்கு ரெண்டு பீஸ் கூட வெட்டுவோம். உங்க சைஸுல ஒண்ணு மிஞ்சிக் கெடந்துச்சு. அதுல ஒரு பேரு போட்டுக் குடுங்கன்னு எம்பிராய்டரி அண்ணன்கிட்டக் கேட்டேன். கம்பெனி குடுத்த லிஸ்ட்ல இல்லாத பேரைப் போடக் கூடாதும்மான்னுட்டாரு.

பாப்பா பரீட்சை நல்லா எழுதியிருக்கா.

திங்கக்கிழமை மீட்டிங்குல டீ-சர்ட் குடுக்கறாங்களாம். அன்னிக்கு லீவு போட்டுட்டு வந்துருங்க. வரும்போது உங்க ஸ்பேனர் பெட்டியையும் எடுத்துட்டு வாங்க.

உங்க ஊட்டுக்காரி